கடைசிச் சொல் கடைசி வரிசைக்கு: சென்னையில் மேடை நடிப்புக்குப் பழகுவது எப்படி

சென்னையில் நாடக ஆசையோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் குழுவில் சேரலாம்?" அந்தக் கேள்வியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள். அதுவரை நாடகம் பாருங்கள், நிறையப் பாருங்கள், ஒரே வகையை மட்டும் பார்க்காதீர்கள்.

சபா நாடகங்களுக்கு மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தி.நகர் வட்டாரம். டி.டி.கே. சாலை நாரத கான சபா, ஜி.என். செட்டி சாலை வாணி மகால் போன்ற அரங்குகளின் சனி, ஞாயிறு மாலை நிகழ்ச்சிகளைக் கவனித்து வாருங்கள். கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழாவைத் தவற விடாதீர்கள். புது நாடகங்கள் அடுத்தடுத்த நாட்களில் மேடையேறும். அதே மேடை, அதே வெளிச்சம், குழு மட்டும் வேறு. ஒருவர் குரல் எடுபடுவதும் இன்னொருவர் குரல் அமுங்கிப் போவதும் ஏன் என்று ஒப்பிட இதைவிட நல்ல இடம் கிடையாது.

நவீன நாடகத்துக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலுள்ள அலியான்ஸ் பிரான்சேஸ், பெசன்ட் நகர் ஸ்பேஸஸ், 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறை நாடகக் குழு. எழும்பூரில் 1896இல் கட்டிய மியூசியம் தியேட்டரிலும் ஒரு நாடகமாவது பாருங்கள். மேடைக்கும் இருக்கைக்கும் உள்ள நெருக்கம் நடிகரை என்ன செய்கிறது என்று அங்கே புரியும்.

மூன்றாவது தெருக்கூத்து. காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் பங்குனி முதல் ஆடி வரை பாரதக் கூத்து நடக்கும். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும் வரை போகும். ஒரு போர்வை, ஒரு பாட்டில் தண்ணீர், மறுநாள் விடுப்பு, இந்த மூன்றும் வேண்டும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே வெளிப்படும் திரை வருகையை உற்றுப் பாருங்கள். முகம் தெரிவதற்கு முன்பே குரலும் காலும் பாத்திரத்தைக் கொண்டுவந்து நிறுத்திவிடும். கூத்துப்பட்டறை நடிகர்கள் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரானிடம் போய்ப் பயின்றதன் காரணம் அந்த ஒரு காட்சியிலேயே தெரிந்துவிடும்.

பிடித்த நாடகத்தை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை நடு வரிசையில் உட்கார்ந்து கதையோடு போங்கள். இரண்டாம் முறை பக்கவாட்டு ஓர இருக்கை. அங்கிருந்து விங்ஸ், அதாவது நடிகர்கள் மறைந்து நிற்கும் மேடையின் பக்கவாட்டு ஓரம், கொஞ்சம் தெரியும்; நுழைவதற்கு முன் நடிகர் எப்படி நிற்கிறார், எப்போது மூச்சை இழுக்கிறார் என்று பார்க்கலாம். நாடகம் நடக்கும்போது குறிப்பெடுக்க வேண்டாம், தலை குனிந்தால் காட்சி போய்விடும். வீடு திரும்பும் பேருந்தில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: கூட்டம் எந்த இடத்தில் இருமியது, எந்த வசனம் காதில் விழவில்லை, காட்சி மாறும்போது யார் எதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிக்கெட் உள்ள நாடகத்துக்கு இலவச பாஸ் தேடாதீர்கள். வாடகை, லைட், மைக், மேக்கப், வேன் எல்லாம் அந்தக் காசில்தான் நடக்கிறது.

உள்ளே நுழைவது

நாடகம் முடிந்ததும் இயக்குநரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். அந்த நேரத்தில் போய் வாய்ப்புக் கேட்டால் உங்கள் முகம் யாருக்கும் நினைவிருக்காது. மேடைக்குப் பின்னால் செட்டைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். "அண்ணா, இந்தச் சோபாவை நான் பிடிக்கவா?" என்று கேளுங்கள். அடுத்த நாடகத்துக்கு ஆள் தேவைப்படும்போது முதலில் உங்கள் பெயர்தான் வரும்.

முதலில் கிடைப்பது பெரும்பாலும் பிராப்பர்ட்டி வேலை, அதாவது மேடையில் பயன்படும் பொருட்களைப் பார்த்துக்கொள்வது. இதை முறையாகச் செய்யுங்கள். மேசைமேல் வெள்ளைத் தாளை விரித்து ஒட்டி, ஒவ்வொரு பொருளையும் வைத்துச் சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போட்டு, கோட்டுக்குள் பொருளின் பெயரையும் காட்சி எண்ணையும் எழுதுங்கள். காபி டம்ளர் 2, செய்தித்தாள் 1, மூக்குக் கண்ணாடி 4. விளக்கணைந்த அரை இருட்டில் குனிந்து பார்த்தால் வெற்றுக் கோடு ஒன்று பளிச்சென்று தெரியும். மூக்குக் கண்ணாடி இன்னும் யாருடைய சட்டைப் பையிலோ இருக்கிறது என்று அர்த்தம். நான்காம் காட்சிக்கு முன்பே தேடிப் பிடித்துவிடலாம்.

அடுத்தது பிராம்ப்டிங், அதாவது மறந்த வசனத்தை மறைவில் இருந்து எடுத்துக்கொடுப்பது. நடிப்பைக் கற்க இதற்கு இணையான இடம் இல்லை என்பது எங்கள் உறுதியான எண்ணம். முதல் விங்ஸில் உட்கார்ந்து ஸ்கிரிப்டில் விரலை வைத்து வரிவரியாக நகருங்கள். நடிகர் நிறுத்தினால் உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். அது வேண்டுமென்றே விட்ட இடைவெளியாக இருக்கலாம். இடைவெளிக்கும் மறதிக்கும் வித்தியாசம் உண்டு. இடைவெளி விடுகிறவரின் பார்வை எதிரில் இருப்பவர்மேல் நிலைத்திருக்கும், மூச்சு உள்ளே தங்கியிருக்கும். மறந்தவரின் கண் தரைக்கோ விங்ஸ் பக்கமோ ஓடும். அப்போது முதல் இரண்டு சொல்லை மட்டும் கொடுங்கள். முழு வாக்கியத்தையும் சொன்னால் அவர் அதைக் கேட்டு முடிப்பதற்குள் காட்சி தொய்ந்துவிடும், தரை மைக்கிலும் உங்கள் குரல் போய்விடும்.

குரல்

தமிழில் நடிப்பவருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, எதிர்மறையும் கடைசியில் வருகிறது. "நாளைக்கு உங்க வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர" வரைக்கும் கணீரென்று சொல்லிவிட்டு, மூச்சுத் தீர்ந்து "மாட்டேன்" என்பதை விழுங்கினால், வருகிறேன் என்றாரா மாட்டேன் என்றாரா என்றே கூட்டத்துக்குத் தெரியாது. நகைச்சுவை நாடகத்தில் சிரிப்பு வெடிப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசிச் சொல்லில்தான். அதனால் மூச்சைக் கடைசிச் சொல்லுக்காகச் சேமிக்கப் பழக வேண்டும்.

தினமும் இருபது நிமிடம் போதும். முதலில் மூச்சு. தோள் உயராமல் வயிறு விரிய நான்கு எண்ணும் வரை இழுத்து, "ஸ்ஸ்" என்று ஒரே சீராக விடுங்கள். தொடக்கத்தில் இருபது நொடி வந்தால் நல்லது. மெல்ல மெல்ல முப்பதைத் தாண்டுங்கள். பிறகு வசனத்தில் மூச்செடுக்கும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போடுங்கள். எழுவாய்க்குப் பின் எடுக்கலாம். வினைக்கு முன்னால் எடுக்கவே கூடாது.

அடுத்தது மொட்டை மாடிப் பயிற்சி. நண்பரை இருபது அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கச் சொல்லுங்கள். நீங்கள் கத்தாமல் ஒரு வரி சொல்ல, அவர் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் அதே வரி மறுபடி. சரியாக வந்தால் நாற்பது அடி. கடற்கரையில் போய் அலைக்கு எதிராகக் கத்திப் பழகும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. விட்டுவிடுங்கள். அலைச் சத்தத்தில் உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, அதனால் தொண்டையை இறுக்கித் தள்ளுவீர்கள். நான்கு நாளில் குரல் கம்மும்.

உச்சரிப்பில் ழ, ள, ல எல்லாருக்கும் தெரிந்த தொல்லை. அதிகம் கவனிக்கப்படாதது ஒற்று. சரித்திர நாடகத்தில் "வரச் சொன்னான்" என்பதை "வர சொன்னான்" என்றால் வரியின் தாளமே இடறும். வட்டார வழக்குப் பேசும் பாத்திரமென்றால், அந்த ஊர்க்காரர் ஒருவரை அவர் அனுமதியோடு அரை மணி நேரம் சாதாரணமாகப் பேசவிட்டுப் பதிவுசெய்து, பத்து நாள் கேளுங்கள். "ஏலே", "ஏனுங்க" என்று நாலு சொல்லைத் தூவினால் அது திருநெல்வேலியோ கோவையோ ஆகிவிடாது. ஊர் என்பது ராகத்தில் இருக்கிறது.

மனப்பாடமும் ஒத்திகையும்

வசனத்தைக் கையால் எழுதுங்கள். உங்கள் வரி முழுதாக, எதிராளியின் வரியில் கடைசி மூன்று சொல் மட்டும். ஆனால் அதற்கு முன் முழு நாடகத்தையும் இரண்டு முறை படித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மூன்று சொல் வரும்வரை மேடையில் காது கேளாதவர்போல நிற்பீர்கள். உணர்ச்சி சேர்க்காமல், பாத்திரம் தேய்த்துக்கொண்டும் காய் நறுக்கிக்கொண்டும் சொல்லிப் பழகுங்கள். ஒரே ஏற்ற இறக்கத்தோடு உருப்போட்டால், இயக்குநர் "இதைக் கோபமில்லாம சொல்லு" என்றதும் வசனமே மறந்துபோகும்.

குழுக்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் ஒத்திகை இரவு ஏழுக்கு மேல், யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்திலோ மாடியிலோ நடக்கும். வீடு திரும்பும் கடைசி மின்ரயில் நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பாதி ஒத்திகையில் எழுந்து போவதைவிட அது மரியாதை. பணம் எதிர்பார்க்காதீர்கள், ஆட்டோ காசு கிடைத்தாலே பெரிது.

இங்கே அடிக்கடி நேரும் தவறு ஒன்று. பத்தடி அகலக் கூடத்தில் பழகிவிட்டு முப்பதடி மேடையில் ஏறுவார்கள். "நான் போறேன்" என்று சொல்லித் திரும்பினால் கூடத்தில் இரண்டே எட்டில் வாசல் வந்துவிடும். மேடையிலோ ஒன்பது எட்டு. பேச்சில்லாமல் முதுகைக் காட்டி நடக்கும் அந்த நேரத்தில் காட்சி செத்துவிடும். அரங்கத்தாரிடம் மேடையின் அகலமும் ஆழமும் கேட்டு வாங்கி, மாடியில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போட்டுப் பழகுங்கள். வசனத்தைப் பாதி வழியில் சொல்ல வேண்டுமா, விங்ஸுக்குப் பக்கத்தில் போய்த் திரும்பிச் சொல்ல வேண்டுமா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

மைக், மேக்கப், மேடை நாள்

தரை மைக் இருந்தால் அதை நோக்கி நடக்காதீர்கள். கூட்டம் கதையை விட்டுவிட்டு மைக்கைப் பார்க்கும். அதன் அருகில் கால் அழுத்தி வைத்தால் இடிபோல் கேட்கும். கண்ணாடி வளையல், மொடமொடப்பான பட்டுப்புடவை, சாவிக்கொத்து எல்லாம் சத்தம் போடும். இவற்றை உடை ஒத்திகையிலேயே கண்டுபிடித்துவிடுங்கள்.

சென்னைப் புழுக்கத்தில் ஒட்டு மீசை பெரிய சோதனை. மேலுதட்டில் வியர்த்தால் முதலில் ஓரம் கிளம்பும், பிறகு பேசப் பேச முழுதும் தொங்கும். ஒட்டும் ஸ்பிரிட் கம் உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று முதல் நாளே முன்கையின் உட்புறத்தில் தடவிப் பாருங்கள். மேலுதட்டைக் குளிர்ந்த நீரில் கழுவி நன்றாகத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாத நிலையில் பசையை மெல்லிதாகத் தடவுங்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் வழுக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுவென்று இழுக்கும் பதம் வரட்டும். மீசை நடுவில் பிரிந்த இரண்டு துண்டாக இருந்தால் வாய் திறக்கும்போது இழுபடாது. ஒட்டியபின் ஈரத்துணியால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கழற்றும்போது பிய்க்காமல், தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்து ஓரத்திலிருந்து ஊறவிட்டு எடுங்கள்.

மேடை நாளில் சாப்பாட்டை இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். பஜ்ஜியும் ஐஸ் தண்ணீரும் நாடகம் முடிந்தபிறகு. இருட்டில் மேடையேற வேண்டியிருந்தால், விங்ஸில் நிற்கும்போதே பத்து நொடி கண்ணை மூடிக்கொள்ளுங்கள். திறந்ததும் நாற்காலியின் விளிம்பு தெரியும், முழங்கால் தப்பும்.

சிரிப்பு வந்தால் அது முழுதாக அடங்கும்வரை காத்திருக்காதீர்கள். உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும்போது அடுத்த வரியை எடுங்கள். முந்திக்கொண்டால் வரி கேட்காது, பிந்தினால் அரங்கம் ஆறிப்போகும். கைபேசி மணி அடித்தால் அதைக் கண்டுகொள்ளாமல் அரை நொடி நின்று, விட்ட சொல்லிலிருந்து தொடருங்கள்.

திரை விழுந்ததும் உடையை ஈரத்தோடு பெட்டியில் திணிக்காதீர்கள். அன்றிரவே காற்றாட விரித்துப் போட்டுவிட்டு, மீசையின் பின்பக்க வலையில் ஒட்டியிருக்கும் பசையை ஸ்பிரிட்டில் துடைத்து, தாளில் சுற்றி, பிராப்பர்ட்டி மேசையில் அதற்குரிய கோட்டுக்குள் திரும்ப வையுங்கள்.