ஈமேக்ஸுக்குள் ஐபைத்தான் ஷெல்

எடிட்டருக்கும் டெர்மினலுக்கும் மாறி மாறித் தாவிக்கொண்டு பைத்தான் எழுதுவது எனக்கு ஒத்துவராது. ஈமேக்ஸ் என்ற எடிட்டரில் கோப்பு மேலே, பைத்தான் கட்டளைகளை உடனுக்குடன் ஓட்டிக் காட்டும் ஷெல் கீழே இருந்தால் போதும். எழுதிய இடத்திலிருந்தே ஓட்டிப் பார்த்துவிடலாம்.

ஈமேக்ஸ் தொடங்கும்போது படிக்கும் இனிட் கோப்பில் இரண்டு மாறிகளுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். பைத்தான்-ஷெல்-இன்டர்ப்ரெட்டர் என்பதற்கு ஐபைத்தான் என்று கொடுங்கள்; அது பைத்தானுக்கான வசதி கூடிய ஷெல். கூடவே ஆர்க்ஸ் என்று முடியும் இன்னொரு மாறி இருக்கிறது. அதில் சிம்பிள்-ப்ராம்ப்ட் என்ற தேர்வை, முன்னால் இரண்டு கோடு போட்டுச் சேருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 2016-இல் வந்த ஐபைத்தான் 5 முதல் அதன் ப்ராம்ப்ட் (கட்டளைக்காகக் காத்திருக்கும் வரி) வேறு நூலகத்துக்கு மாறிவிட்டது. நிறத்துக்கும் கர்சரை நகர்த்தவும் அது அனுப்பும் குறிகள் ஈமேக்ஸுக்குப் புரியாமல், திரையில் குப்பையாக விழும்.

விர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு திட்டத்துக்கென நூலகங்களைத் தனியாக வைக்கும் இடம்) வைத்திருந்தால் ஐபைத்தானை அதற்குள்ளும் நிறுவுங்கள். இல்லாவிட்டால் வெளியே இருக்கும் ஐபைத்தான் ஓடும். நீங்கள் நிறுவிய நூலகத்தை இம்போர்ட் செய்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லக்கூடும்.

சரி, பைத்தான் கோப்பைத் திறந்து கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-பி அழுத்துங்கள், ஷெல் வந்துவிடும். கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-சி முழுக் கோப்பையும் அனுப்பும். ஆனால் 'மெயின்' என்று சோதிக்கும் இஃப் பகுதி அப்போது ஓடாது. அதுவும் ஓட வேண்டுமென்றால் முன்னால் கண்ட்ரோல்-யூ அழுத்த வேண்டும்.

நான் அதிகம் நம்பியிருப்பது கண்ட்ரோல்-மெட்டா-எக்ஸ் (மெட்டா என்பது பெரும்பாலும் ஆல்ட் விசை). கர்சர் நிற்கும் ஃபங்ஷனை மட்டும் அது அனுப்பும். பெரிய தரவுக் கோப்பை ஒருமுறை ஷெல்லில் ஏற்றிவிட்டேன் என்று வையுங்கள். சராசரி காணும் ஃபங்ஷனில் ஒரு வரியை மாற்றி இதை அழுத்துவேன். கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-இசட் போட்டு ஷெல்லுக்குப் போய், மெட்டா-பி அழுத்தினால் முந்தைய கட்டளை வரும். என்டர் தட்டினால் புது விடை. தரவை மறுபடி ஏற்றக் காத்திருக்க வேண்டியதே இல்லை. இந்தச் சுகத்துக்காகவே இவ்வளவு அமைப்பும் செய்யலாம்.

ஒன்று மட்டும் கவனம். ஃபங்ஷனின் பெயரை மாற்றினாலும் பழைய பெயர் ஷெல்லின் நினைவில் அப்படியே இருக்கும். எங்கோ பழைய பெயரில் அழைத்திருந்தால் அங்கே பிழையே காட்டாது. பெயர் மாற்றியபின் ஷெல்லில் எக்ஸிட் அடித்து மூடி, கண்ட்ரோல்-சி கண்ட்ரோல்-பி போட்டுப் புதிதாகத் தொடங்கி, முழுக் கோப்பையும் ஒருமுறை அனுப்பிப் பாருங்கள்.