மவுஸை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்: ஒலிப்பதிவுக்கு வரும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டுப் பின்னறையில்தான் நான் ஒலிப்பதிவு பழகினேன். ஒரு மைக், ஒரு பழைய லப்டொப், ஒரு ஹெட்போன், அவ்வளவுதான். இப்போது மெட்டமைக்கிற, பாட்டுக்கு இசை சேர்க்கிற, மற்றவர்களுக்கு ஒலிப்பதிவு செய்து கொடுக்க ஆசைப்படுகிற பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்டு வருகிறார்கள். அநேகமாக எல்லோரும் முதலில் கேட்பது, "அக்கா, என்ன மைக் வாங்கலாம்?" என்றுதான். அவர்கள் கொண்டுவருகிற பதிவைப் போட்டுக் கேட்டால் பிழை மைக்கில் இருப்பதில்லை. அது வேறு எங்கெங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த அளவில் சொல்கிறேன். பாதிக்கு மேல் நானே செய்து பார்த்த பிழைகள்.

எல்லாவற்றிலும் பெரியதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மவுஸை அடுத்தவர் கையில் கொடுப்பது. எங்கள் ஊரில் பெண் பிள்ளைகள் சங்கீதம் படிப்பது புதிய விஷயம் இல்லை. வாய்ப்பாட்டு, வீணை, வயலின் என்று சின்ன வயதிலேயே தொடங்கி வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்குப் போகிறோம். மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் (இப்போது யாழ். பல்கலைக்கழகத்தின் ஒரு பீடம்) வரைக்கும் படித்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். ராகமும் தாளமும் கைவசம் இருக்கின்றன. அப்புறம் ஒரு ஸ்ரூடியோவுக்குப் பாடப் போனால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பது அநேகமாக ஓர் அண்ணா. பாடி முடித்து வெளியே வந்து, "அண்ணா, இரண்டாவது சரணத்தில குரல் கொஞ்சம் உள்ளுக்குப் போற மாதிரி இருக்கு" என்றால், "அதை நான் பார்க்கிறன், நீங்கள் யோசிக்காதேங்கோ தங்கச்சி" என்று பதில் வரும். அன்பாகத்தான் சொல்வார். ஆனால் அந்த இடத்தில் பாட்டு எங்கள் கையை விட்டுப் போய்விடுகிறது. வீட்டிலும் இதே கதைதான். தம்பியோ மச்சானோ, "தள்ளு, நான் செய்து தாறன்" என்று கதிரையை இழுத்துப் போடுவார். வேலை பத்து நிமிடத்தில் முடியும். அடுத்த முறையும் அவரைத்தான் கூப்பிட வேண்டியிருக்கும்.

இது எங்கள் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவின் பில்போர்ட் ஆண்டுப் பட்டியல்களில் 2012 முதல் 2017 வரை இடம்பெற்ற 600 பாடல்களை எடுத்துப் பார்த்தார்கள். பாடியவர்களில் பெண்கள் 22.4 வீதம். பாட்டு எழுதியவர்களில் 12.3 வீதம். பாட்டின் ஒலியை உருவாக்கி வழிநடத்துகிற இசைத் தயாரிப்பாளர்களை 300 பாடல்களில் எண்ணியபோது வெறும் 2 வீதம். கருவிக்குக் கிட்டப் போகப் போகப் பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பவதாரிணியை நினைத்துப் பாருங்கள். ரேவதி இயக்கி 2002இல் வந்த 'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்துக்கு இசையமைத்தவர் அவர். 2024 ஜனவரியில் கொழும்பில் அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அவருடைய குரல்தான். இசையமைப்பாளர் என்பது பிறகுதான் வந்தது. அதை நினைத்து இன்னமும் வருத்தப்படுகிறேன்.

மாறாக, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த மாயா அருள்பிரகாசத்தைப் பாருங்கள். எம்.ஐ.ஏ. என்ற பெயர் வெளியே தெரிவதற்கு முன்னர், ரோலண்ட் எம்.சி.505 என்ற ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு தன் ஆரம்பப் பாடல்களை அமைத்துப் பார்த்தவர். தாளமும் பேஸும் மெட்டும் அந்தப் பெட்டிக்குள்ளேயே செய்யலாம். யாராவது இசை போட்டுத் தரட்டும் என்று அவர் காத்துக்கொண்டிருக்கவில்லை.

ஆகவே உதவி கேளுங்கள், தாராளமாகக் கேளுங்கள். ஆனால் உதவுகிறவர் பக்கத்துக் கதிரையில் இருக்கட்டும். "எங்கே அழுத்திறது எண்டு வாயால சொல்லுங்கோ, நான் செய்யிறன்" என்று சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஒரு மணித்தியாலம் கூடுதலாகப் போகும். போகட்டும்.

அடுத்தது அறை. முட்டைத் தட்டுகளைச் சுவர் முழுக்க ஒட்டிவிட்டு ஸ்ரூடியோ தயார் என்று நினைப்பது பரவலாக இருக்கிற பிழை. அந்த மெல்லிய மட்டை மேல்சுருதி ஒலியைக் கொஞ்சம் சிதறடிக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தத்தையும் தடுக்காது, அறையின் எதிரொலியையும் அடக்காது. இப்போது கட்டுகிற வீடுகளில் சீமெந்துச் சுவரும் ரைல்ஸ் தரையும் என்பதால் குரல் பட்டுத் தெறித்துக்கொண்டே இருக்கும். அறை நடுவில் நின்று ஒரு தரம் கை தட்டுங்கள். தட்டிய பிறகு 'ணிங்' என்று ஓர் இழை தொங்கினால், அது உங்கள் பாட்டிலும் தொங்கும். அதற்கு வேண்டியது கனமான, மென்மையான பொருள். நான் அம்மாவின் சேலை அலுமாரிக் கதவுகளை இரண்டு பக்கமும் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவேன். மைக்குப் பின்னால் ஒரு பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைப்பேன். தரையில் பாயும் கம்பளியும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அறை இன்னும் சரியாகவில்லை என்றால் கொண்டென்சர் மைக்கை அவசரப்பட்டு வாங்கவும் வேண்டாம். அது நுட்பமானதுதான். ஆனால் பக்கத்து வீட்டுத் தண்ணி மோட்டாரையும் அதே நுட்பத்தோடு பிடித்து வைக்கும். மைக்கை லப்டொப்போடு இணைக்கிற, 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கிற இன்டர்ஃபேஸ் பெட்டியும் அதற்கு வேண்டும். கிட்ட நின்று பாடுகிற சாதாரண டைனமிக் மைக் ஒன்று எங்கள் வீடுகளுக்கு நல்லாகவே பொருந்தும்.

நேரத்தையும் பார்க்க வேண்டும். ஒருமுறை காலையில், பல்லவியிலிருந்து கடைசிச் சரணம் வரை பிசகில்லாமல் வந்த ஒரு பதிவு. திரும்பப் போட்டுக் கேட்கிறேன், மூன்றாவது அடிக்குப் பின்னால் பாண் ஓட்டோவின் பீத்தோவன் மெட்டு, மெல்லிசாக, வேறு சுருதியில். எந்த மென்பொருளாலும் அதைக் கழுவ முடியவில்லை. அதற்குப் பிறகு ஒழுங்கையில் எந்த நேரத்தில் என்ன சத்தம் வரும் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். பாண், மீன்காரர், பள்ளிக்கூடம் விடுகிற நேரம், கோயில் ஒலிபெருக்கி எல்லாம் அதில் இருக்கிறது. நல்லூர்த் திருவிழா 25 நாளும் அந்தப் பக்கத்தில் இருப்பவர்கள் குரல்பதிவு வைக்காமல், பதிந்தவற்றைக் கலந்து சமப்படுத்துகிற மிக்ஸிங் வேலையை வைத்துக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அமைதி என்றால், வீட்டிலேயே ஒரு மூலையை ஒழுங்குபடுத்துவது எங்களுக்கு இன்னும் முக்கியம். அந்த நேரத்தில் வெளி ஸ்ரூடியோவுக்குப் போய் வருவது பலருக்கு ஏலாத காரியம். ஃபேனை நிறுத்துங்கள். வியர்த்துக் கொட்டும், உண்மைதான். இருபது நிமிடம் பாடி, கதவைத் திறந்து காற்று வாங்கி, மறுபடி பாடுங்கள்.

ஒலியளவு வைப்பதில் நடக்கும் பிழை சின்னது, ஆனால் திருத்த முடியாதது. "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று கதைத்துப் பார்த்து அளவு வைப்பார்கள். பாட்டு மேல்ஸ்தாயிக்குப் போனதும் சிவப்பு விளக்கு எரியும். குரல் கிழிந்து பதிவாகிவிடும். பாட்டில் எந்த இடம் உச்சமோ, அந்த இடத்தை முழுக் குரலில் பாடி அளவு வையுங்கள். உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6 டெசிபெலுக்கும் இடையில் நின்றால் காணும். 24 பிட் என்ற நுட்பமான தரத்தில் பதிகிறபோது சத்தம் குறைவாக இருப்பதில் நட்டமில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் தூரம் விடுங்கள். முட்டிக்கொண்டு பாடினால் அடித்தொனி ஊதிப்போகும், 'ப' எல்லாம் குண்டு மாதிரி விழும்.

இனிச் சங்கீதம் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது. சுருதிப் பெட்டியையோ போனில் தம்புராவையோ அறையில் சத்தமாக விட்டுப் பாடாதீர்கள். வகுப்பில் பழகிய பழக்கம், விடக் கஷ்டம்தான். ஆனால் அந்தச் சுருதி குரலோடு ஒட்டிப் பதிவாகிவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஓர் அடியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால் சுருதி துண்டாகும். அதை ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். உங்கள் கட்டை, அதாவது குரலுக்குரிய ஆதார சுருதி, என்ன என்று தெரிந்து வைத்து அதையே மென்பொருளிலும் வையுங்கள். ஐந்தரைக் கட்டை என்றால் கீபோர்ட்டில் ஜி ஷார்ப். திரும்பத் திரும்ப ஓடுகிற ஆயத்த இசைத்துண்டு (லூப்) ஒன்று நன்றாக இருக்கிறதே என்று அதன் சுருதிக்குக் குரலை இழுத்தால் பாதிக்கப்படுவது தொண்டை.

சுருதி திருத்துகிற ஓட்டோ ரியூன் மென்பொருள் பற்றி எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. அந்தக் கருவி குரலைப் பன்னிரண்டு சுரத்தானங்களில் கிட்டியதுக்கு இழுத்து நிறுத்தும். எங்கள் சங்கீதம் நிற்கிற சங்கீதம் இல்லை. தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் கீழும் மேலும் அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் தோடி. ஒரு பிள்ளை நல்லாகப் பாடிய விருத்தத்தை யாரோ ஓட்டோ ரியூனின் வேகமான அமைப்பில் திருத்திக் கொடுத்திருந்தார்கள். கமகம் எல்லாம் படிக்கட்டாக மாறி, குரல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதித்துக்கொண்டிருந்தது. அவளோ தான்தான் பிழையாகப் பாடிவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தாள். திருத்தாத பதிவைக் கேட்டபோது ஒரே ஓர் இடத்தில்தான் சுருதி இறங்கியிருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பப் பாட வைத்தோம். ராகம் தெரிந்த காது உங்களிடம் இருக்கிறது. அது தெரியாத ஒருவரிடமும் ஒரு மென்பொருளிடமும் தீர்ப்பை விடாதீர்கள்.

வெளியிடுவதற்கு முன் செய்கிற கடைசி ஒலிச் சீரமைப்பான மாஸ்டரிங்கில் சத்தத்தை ஏற்றுவதற்காக மினக்கெடாதீர்கள். யூடியூபும் ஸ்பொட்டிஃபையும் மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவை ஒட்டித் தாங்களே இறக்கிவிடும்.

கரண்ட் விஷயத்தில் எங்கள் ஊருக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1990களில் மின்சாரமே இல்லாமல், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை எங்கள் வீடுகளில் இருக்கிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியிருந்தும் வேலையை ஒரே இடத்தில் சேமித்து வைக்கிற பழக்கம் போகவில்லை. மூன்று பிரதி வையுங்கள்: லப்டொப்பில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே, இணையத்திலோ வேறொரு வீட்டிலோ ஒன்று. பதிவில் 'ம்ம்' என்று அடியில் ஓர் இரைச்சல் வந்தால் அது பெரும்பாலும் 50 ஹேர்ட்ஸ் மின்சார இரைச்சல். சார்ஜரைக் கழற்றி பற்றரியில் ஓட்டிப் பாருங்கள். போகவில்லையென்றால் வயரைப் பாருங்கள். வயருக்கு ஈயம் வைக்கப் பழகுவதை 'ஆம்பிளை வேலை' என்று ஒதுக்கிவிடாதீர்கள். சூசன் ரொஜர்ஸ் கருவி திருத்துகிறவராகத் தொடங்கித்தான் அமெரிக்கப் பாடகர் பிரின்ஸின் ஒலிப்பதிவாளர் ஆனார்.

கடைசியாகக் காசும் பெயரும். "தெரிஞ்ச ஆக்கள்தானே, எப்படிக் கேக்கிறது?" என்று தொடங்குகிற வேலைகள்தான் கசப்பில் முடிகின்றன. முதன்முதலில் நான் ஒரு கோயில் பாடல் தொகுப்புக்கு ஒலிப்பதிவும் மிக்ஸும் செய்தேன். இரண்டு மாத வேலை. அட்டை அச்சாகி வந்தபோது பாடியவர், பாடல் எழுதியவர், அன்பளிப்புச் செய்தவர், அச்சகம் எல்லாம் இருந்தது. என் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை, நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படைப்பாளிக்குத் தன் பெயர் குறிப்பிடப்படும் உரிமையைத் தருகிறது. பொருளாதார உரிமை, அதாவது படைப்பிலிருந்து காசு பெறும் உரிமை, ஆயுள் முழுவதும், இறந்த பின் 70 ஆண்டுகளும் நீள்கிறது. மெட்டு உங்களுடையது என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

வேலை தொடங்க முன்னரே ஒரு தாளில் எழுதுங்கள். வரி யாருடையது, மெட்டு யாருடையது, இசை அமைப்பு யார், ஒலிப்பதிவு யார், எவ்வளவு காசு, எத்தனை முறை திருத்தம், வருமானம் வந்தால் யாருக்கு எத்தனை வீதம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வேலை வந்தால் பாதிக் காசு முன்பணம். முழுக் காசும் வந்த பிறகே நசுக்காத முழுத் தரமான இறுதி வேவ் கோப்பு. அதையும் வாட்ஸ்அப்பில் குரல்பதிவாக அனுப்பி நசுக்கிவிடாமல் கோப்பாகவே அனுப்புங்கள்.

அட்டை செய்கிறவரின் இலக்கத்தையும் கேட்டு வாங்கி வையுங்கள். அச்சுக்குப் போக முன்னர், இசை, ஒலிப்பதிவு, மிக்ஸிங் என்று ஒவ்வொரு வரியாக, எழுத்துப்பிழை இல்லாமல், உங்கள் பெயரை நீங்களே ரைப் செய்து அவருக்கு அனுப்பிவிடுங்கள்.