ஆபத்து குறைவு, பயம் அதிகம்: பால்வினை நோய் டெஸ்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மசாஜ் பார்லரில் கை மட்டும் பட்டது. லாட்ஜில் ஆணுறையோடு ஒரு முறை. வெறும் முத்தம், அதற்கு மேல் ஒன்றுமில்லை. இப்படி ஒரு சம்பவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் தூக்கம் கெட்டு, லேபுக்கும் கூகுளுக்கும் நடுவே அலைகிறவர்கள் உண்டு. இவர்களுக்கு நோய் வருவதைவிட, தப்பான நாளில் தப்பான டெஸ்டை எடுத்துக் குழம்புவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்.

முதல் தவறு, 'ஏதாவது வந்திருக்குமா?' என்று எல்லா நோயையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பயப்படுவது. எச்.ஐ.வி. பரவும் வழி வேறு, சிபிலிஸ் பரவும் வழி வேறு. ரத்தம், விந்து, பெண்ணுறுப்பிலும் ஆசனவாயிலும் சுரக்கும் திரவங்கள், தாய்ப்பால் ஆகியவற்றில்தான் எச்.ஐ.வி. பரவும் அளவுக்கு இருக்கும். எச்சில், வியர்வை, கை பட்டது, கொசு கடித்தது இவற்றால் பரவாது. எச்.ஐ.வி. உள்ளவரோடு ஆணுறை இல்லாமல் ஒரு முறை பெண்ணுறுப்புவழி உறவு கொண்டால்கூட, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 10,000 முறைக்கு ஆணுக்குச் சுமார் 4, பெண்ணுக்குச் சுமார் 8 தொற்றுகள். ஆசனவாய் வழியாக ஏற்பவருக்கு அது 138. 'அப்போ பரவாயில்லை' என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கை பட்டதற்கும் இதற்கும் உள்ள தூரம் புரியட்டும் என்றுதான்.

இதையே தலைகீழாகச் செய்கிறவர்களும் உண்டு. வாய்வழி உறவில் எச்.ஐ.வி. வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று படித்ததும் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் கொனோரியா, சிபிலிஸ், ஹெர்பிஸ் மூன்றும் அந்த வழியில் சர்வசாதாரணமாகப் பரவும். ஆணுறை மூடாத தோலில் புண் இருந்தால் அங்கிருந்தும் சிபிலிஸ், ஹெர்பிஸ் வரலாம். எச்.ஐ.வி.க்காக நடுங்கிக்கொண்டு, சாதாரண ஊசியில் குணமாகிற சிபிலிஸைப் பார்க்காமல் விடுவது நல்ல பேரம் இல்லை.

அடுத்தது நாள் கணக்கு. மறுநாள் காலையிலேயே லேபில் போய் நின்றால், வரும் ரிசல்ட் நேற்றைய சம்பவத்தைப் பற்றியது அல்ல, அதற்கு முந்தைய வாழ்க்கையைப் பற்றியது. கிருமி உடலுக்குள் போன நாளுக்கும் டெஸ்டில் தெரியும் நாளுக்கும் இடையிலுள்ள 'விண்டோ பீரியட்' நோய்க்கு நோய், டெஸ்டுக்கு டெஸ்ட் மாறும். நரம்பில் ரத்தம் எடுத்து லேபில் செய்யும் நான்காம் தலைமுறை எச்.ஐ.வி. டெஸ்டுக்கு (கிருமியின் புரதத்தையும், அதை எதிர்க்க உடல் உருவாக்கும் ஆன்டிபாடியையும் பார்ப்பது) 45 நாள். ஆன்டிபாடியை மட்டும் பார்க்கும் ரேபிட் கிட்டுக்கு 90 நாள். சிபிலிஸுக்கும் 90 நாள் வரை பொறுக்க வேண்டும். கிளமிடியா, கொனோரியாவுக்குச் சிறுநீரில் கிருமியின் மரபணுவைத் தேடும் 'நாட்' (NAAT) டெஸ்ட் இரண்டு வாரத்தில் போதும். டெஸ்டுக்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீரை அடக்கி, முதலில் வருவதைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். தொண்டையில் சந்தேகம் என்றால் சிறுநீர் பயன்படாது, தொண்டையில்தான் மாதிரி எடுக்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் காத்திருக்கவே கூடாது. ஆணுறை கிழிந்துவிட்டது, துணைக்கு எச்.ஐ.வி. இருக்கிறது அல்லது இருக்கலாம் என்றால், 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் 'பெப்' மாத்திரையைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். அரசு மருத்துவமனைக்கு அன்றே போங்கள். கை பட்டதற்கும் முத்தத்துக்கும் மருத்துவர் அதைத் தர மறுத்தால், அவர் சரியாகத்தான் செய்கிறார்.

அப்புறம் இந்தப் 'பேக்கேஜ்' வியாபாரம். பத்துப் பதினைந்து டெஸ்டை அடுக்கி விற்பார்கள், அதில் ஹெர்பிஸுக்கான ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.எம். என்ற ஆன்டிபாடி டெஸ்டுகள் எல்லாம் இருக்கும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் வகை ஹெர்பிஸ் கிருமி உண்டு, பெரும்பாலும் சின்ன வயதில் வந்தது. அது ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ்' என்று தடித்த எழுத்தில் வந்ததும் ஒரு குடும்பமே ஆட்டம் கண்டுவிடும். புண் எதுவும் இல்லாதவர் இந்த டெஸ்டை எடுக்காமலிருப்பதே நல்லது. புண் இருந்தால் அந்தப் புண்ணிலிருந்தே மாதிரி எடுக்கலாம்.

எச்.ஐ.வி. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை ஆராய்வது இன்னொரு வியாதி. போன மாதம் 0.12, இந்த மாதம் 0.31, 'ஏறுகிறதே!' என்று. பொதுவாக 1.00-க்குக் கீழே எல்லாமே நான்-ரியாக்டிவ், அதாவது நெகட்டிவ்தான், கருவியின் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. ரியாக்டிவ் என்றே வந்தாலும் அது முடிவல்ல. அரசின் முறைப்படி மூன்று வெவ்வேறு கிட்டுகளிலும் ரியாக்டிவ் ஆன பிறகே எச்.ஐ.வி. என்று உறுதி செய்வார்கள்.

ராத்திரி செல்போன் டார்ச்சில் நாக்கையும் பிறப்புறுப்பையும் பார்த்துக்கொண்டிருப்பதையும் நிறுத்துங்கள். ஆணுறுப்பின் நுனியைச் சுற்றி வரிசையாக இருக்கும் முத்துப் போன்ற பொடிப் புள்ளிகள் பல ஆண்களுக்கு இயல்பாகவே உண்டு, நேற்று வரை நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். வலியோடு புண், வலியே இல்லாத புண், சீழ், சிறுநீரில் எரிச்சல் என்றால் மட்டும் நாள் எண்ணாமல் மருத்துவரிடம் போங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை வாங்கி 'எதற்கும் இருக்கட்டும்' என்று போட்டுக்கொள்வது, 'வாலிப வயோதிக அன்பர்களே' வகை வைத்தியரிடம் பணம் கட்டுவது, இரண்டுமே வீண். இவற்றைவிட மோசமானது, இலவசமாக டெஸ்ட் நடக்குமே என்று ரத்த தானம் செய்யப் போவது. விண்டோ பீரியடில் இருக்கும் ரத்தம் பரிசோதனையில் தப்பித்து இன்னொருவருக்கு ஏறிவிடலாம்.

இலவச டெஸ்டுக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் இருக்கிறது. முன்னும் பின்னும் ஆலோசகர் பேசுவார். சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கவோ ரிசல்ட்டை வெளியே சொல்லவோ 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் இடம் தராது. நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் எச்.ஐ.வி. உதவி எண் 1097-க்கு அழைக்கலாம், கட்டணம் இல்லை.

சரியான நாளில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றால் அந்தச் சம்பவத்தின் கணக்கு முடிந்தது. அதன் பிறகும் வேறு லேபில், வேறு கிட்டில், 'மாதிரி மாறியிருக்குமோ' என்று மறுபடி எடுக்கத் தோன்றினால், பிரச்சினை ரத்தத்தில் இல்லை. மனைவிக்குச் செய்த துரோகம், வீட்டில் தெரிந்தால் என்னாகும், சாமிக்கு விரதம் இருந்த நேரத்தில் இப்படியா என்ற குற்ற உணர்வு அங்கே நோயின் வேஷத்தில் நிற்கிறது. அதை எந்த லேபும் அளக்க முடியாது. ஒவ்வொரு நெகட்டிவும் இரண்டு நாள் நிம்மதி தரும், மூன்றாம் நாள் சந்தேகம் திரும்பி வரும். மனநல மருத்துவர்களுக்கு இது நன்கு பழகிய பதற்றம்தான். பேச்சு சிகிச்சையும் தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். நடந்த சம்பவத்தை விவரிக்கக் கூச்சமாக இருந்தால், 'நெகட்டிவ் வந்தும் டெஸ்ட் எடுப்பதை நிறுத்த முடியவில்லை' என்று மட்டும் சொன்னால் போதும்.