லீவுக்கு பிளேனா ரயிலா: செட்டிநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

"சென்னைக்கு ஒரு மணி நேரம்தான்" என்று விமான டிக்கெட்டைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். அந்த ஒரு மணி நேரம் மதுரையில் ஏறி மீனம்பாக்கத்தில் இறங்குகிற வரைக்கும்தான். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எங்கிருந்து புறப்பட்டாலும் திருச்சிக்கோ மதுரைக்கோ காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், அங்கே போய் செக்யூரிட்டி முடித்து உட்கார்ந்திருப்பது இன்னொரு ஒன்றரை இரண்டு மணி நேரம், இறங்கியதும் பெட்டி வருகிற வரை நின்று, அப்புறம் மாம்பலமோ அண்ணா நகரோ போய்ச் சேர வேண்டும். கூட்டிப் பாருங்கள், ஆறு ஏழு மணி நேரம் வரும். காரைக்குடியில் விடிவதற்கு முன் கிளம்புகிற பல்லவன் எக்ஸ்பிரஸும் ஏழு மணி நேரத்தில் எழும்பூரில் விட்டுவிடுகிறது. (இரண்டாம் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று செட்டிநாட்டுப் பக்கம் சும்மா கிடக்கிறது. அதில் பிளேன் இறங்கினால் இந்தக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.)

நேரம் சமம் என்றால், எது சொன்னபடி போகும் என்றுதான் பார்க்க வேண்டும். லீவு சீசன் என்றாலே விமானத்துக்குக் கண்டம். 2025 டிசம்பர் முதல் வாரத்தில் பைலட்களுக்கான புதிய ஓய்வு நேர விதிகளுக்கு ஏற்ப ஆள் போதாமல் இண்டிகோவின் விமானங்கள் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் ரத்தாயின. மற்ற கம்பெனிகளில் கட்டணம் எகிற, 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசே உச்சவரம்பு போட வேண்டி வந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலுக்காகச் சென்னை விமான நிலையத்தை மூடினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நாள் மூடிக் கிடந்தது. இவை எதுவும் இல்லாவிட்டாலும் போகி இருக்கிறது. அன்று விடியற்காலை சென்னையில் பழைய பாயும் டயரும் எரிகிற புகை பனியோடு சேர்ந்தால் ஓடுபாதை தெரியாது, விமானங்கள் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ திருப்பி விடப்படும்.

இன்னொன்று கவனியுங்கள். ஒரே விமானம் ஒரு நாளில் நாலைந்து ஊர் சுற்றும், அதனால் காலையில் எங்கேயோ வடக்கே பனி என்றால் சாயங்காலம் மதுரையில் வெயிலில் உட்கார்ந்திருக்கிற நமக்குத் தாமதம். பறந்தே ஆக வேண்டும் என்றால் நாளின் முதல் விமானத்தைப் பிடியுங்கள், முந்தின நாள் இரவே வந்து நிற்கிற விமானமாக இருந்தால் இன்னும் நல்லது. போகி அன்று சென்னைக்கு மட்டும் இந்த யோசனையைத் தலைகீழாக்கி மதியத்துக்கு மேல் போடுங்கள்.

ரயில் மட்டும் யோக்கியமா என்றால், இல்லை. திருச்சி–காரைக்குடி இன்னும் ஒற்றைப் பாதை, எதிரே வருகிற வண்டிக்காக நடுவில் நிறுத்திப் போட்டால் அரை மணி நேரம் போய்விடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ரயில்களும்தான் ரத்தாயின. ஆனால் ரயிலே ரத்தானால் ஆன்லைன் டிக்கெட்டுக்கு முழுப் பணமும் தானாகத் திரும்பி வரும். வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம், நீங்கள் போகவில்லை என்றாலும் முழுப் பணம் உண்டு, ஆனால் அதற்கு வண்டி உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்குள் ஆன்லைனில் டிடிஆர் (பணத்தைத் திருப்பிக் கேட்கும் விண்ணப்பம்) போட்டுவிட வேண்டும். தட்கலுக்கும் இது பொருந்தும். பலருக்குத் தெரியாமல் பணத்தை விடுகிறார்கள்.

எந்த ஊருக்கு எது என்று என் கணக்கைச் சொல்கிறேன். சென்னைக்கு ரயில், யோசிக்கவே வேண்டாம். ராமேஸ்வரத்துக்கும் அப்படியே. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியபின் மண்டபத்தோடு இறங்க வேண்டியிருந்தது, 2025 ஏப்ரல் 6-ல் புதிய பாலம் திறந்ததும் வண்டி நேராகத் தீவுக்குள் போகிறது. குற்றால சீசனுக்கு சிலம்பு எக்ஸ்பிரஸ், காரைக்குடி வழியாகத்தான் தென்காசி, செங்கோட்டை போகிறது. தினசரி இல்லை என்பதால் கிழமை பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கு மதுரை–பெங்களூர் வந்தே பாரத் திருச்சியில் நிற்கிறது. காரைக்குடியிலிருந்து காலையில் போய்ப் பிடிப்பது சிரமம், முந்தின இரவு திருச்சியில் தங்கத் தயார் என்றால் நல்ல வண்டி. டெல்லி, காசி என்றால் பறக்கலாம், அதுவும் வயதானவர்கள் கூட வந்தால் பறப்பதுதான் சரி. ஆனால் சென்னை வரை ரயிலில் முந்தின நாளே போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஏறுங்கள். காலை பல்லவனில் போய் அன்று சாயங்காலமே டெல்லி பிளேனைப் பிடிக்கிறேன் என்று மட்டும் கிளம்பாதீர்கள்.

டிக்கெட் எடுப்பதில்தான் நம் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாள்தான், பழைய 120 நாள் நினைப்பில் இருக்காதீர்கள். ஜனவரி 14 பயணத்துக்கு நவம்பர் 15 காலை 8 மணிக்குத் திறக்கும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதாரை இணைப்பதை அன்று காலையில் வைத்துக்கொள்ள வேண்டாம், இன்றைக்கே செய்துவிடுங்கள். தட்கலுக்கு 2025 ஜூலையிலிருந்து ஆதார் சரிபார்க்காத கணக்கு செல்லாது. தட்கல் முந்தின நாள் ஏசிக்குக் காலை 10, ஸ்லீப்பருக்கும் உட்காரும் வகுப்புக்கும் 11. முந்தின நாள் என்பது வண்டி புறப்படுகிற ஊரை வைத்துத்தான், நீங்கள் ஏறுகிற நாளை வைத்து அல்ல, இரவு வண்டிகளில் இந்த இடத்தில் குழப்பம் வரும்.

பல்லவன் காரைக்குடியிலேயே புறப்படுகிறது. அதனால் அதில் வெயிட்டிங் லிஸ்ட் விழுந்தாலும் பொதுப் பட்டியலில் விழும், நகர்வதற்கு நல்ல வாய்ப்பு. சேதுவும் போட் மெயிலும் ராமேஸ்வரத்து வண்டிகள். அவற்றில் நடு ஸ்டேஷனுக்கென்று தனியாகக் கொஞ்சம் இடம்தான், அந்த வெயிட்டிங் அவ்வளவு எளிதில் கன்பர்ம் ஆகாது. காரைக்குடியிலிருந்து இல்லை என்று காட்டினால் ராமேஸ்வரத்திலிருந்தே டிக்கெட் போட்டு, ஏறும் இடத்தைக் காரைக்குடி என்று மாற்றிப் பாருங்கள், கட்டணம் சற்றுக் கூடும் அவ்வளவுதான். ஏறும் இடத்தை மாற்ற மறந்தால் டிக்கெட் பரிசோதகர் உங்கள் பெர்த்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட முடியும், அப்புறம் சண்டை போட்டுப் பயனில்லை. ஆர்ஏசி (ஒரு பெர்த்தை இருவர் பகிர்ந்து உட்காரும் டிக்கெட்) என்றால் தாராளமாக ஏறலாம். சார்ட் (கடைசிப் பயணிகள் பட்டியல்) போட்ட பிறகும் வெயிட்டிங்கில் நிற்கிற ஆன்லைன் டிக்கெட் தானே ரத்தாகிவிடும், அதை வைத்துக்கொண்டு ரிசர்வ் பெட்டியில் ஏறக் கூடாது.

கூட்டம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். பொங்கலுக்கு முந்தின நாட்களில் சென்னையே நம் ஊருக்கு வரும். அந்த நாளில் இங்கிருந்து சென்னை போகிற வண்டி காற்றாடும். பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை இதற்கு நேர் எதிர். லீவை ஒரு நாள் முன்னே பின்னே தள்ளினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

விமான நிலையத்தில் நிற்கும்போது ரத்து என்று மெசேஜ் வந்தால், எல்லோரும் கவுண்டரில் வரிசை கட்டுவார்கள். நீங்கள் ஒருவரை வரிசையில் நிறுத்திவிட்டு இன்னொருவர் போனை எடுங்கள். மெசேஜை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ரத்தானால் மாற்று விமானமா முழுப் பணமா என்று தேர்ந்தெடுக்கிற உரிமை, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏவின் விதிப்படி உங்களுடையது. தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டிக் காத்திருந்தால் சாப்பாடும் கேட்டு வாங்கலாம், பறக்கிற நேரத்தைப் பொறுத்து அந்த நேரம் கூடும். கேட்டால்தான் தருவார்கள், கூச்சப்படாதீர்கள். அதே நேரத்தில் ரயில் ஆப்பில் கரண்ட் புக்கிங் பாருங்கள்: சார்ட் போட்ட பின் மிஞ்சிய சீட்டுகளைச் சாதாரணக் கட்டணத்திலேயே அதில் விற்கிறார்கள். சென்னையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எதிர்த்தாற்போலவே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் தாம்பரம் கொஞ்ச தூரம்தான், சேது, போட் மெயில் இரண்டும் தாம்பரத்தில் நிற்கும், எழும்பூருக்கு எதிர்த்திசையில் ஓட வேண்டாம். அதுவும் இல்லையென்றால் கிளாம்பாக்கத்தில் காரைக்குடி பஸ்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. போன தடவை சிங்கப்பூரிலிருந்து தங்கச்சி கேட்டாள்: "அண்ணே, சென்னைக்கு ஒரு டிக்கெட், அங்கேர்ந்து மதுரைக்கு வேற ஒரு டிக்கெட்னு போட்டா விலை குறையுதே, போடவா?" வேண்டாம் என்றேன். இரண்டும் தனித்தனி பிஎன்ஆர் (முன்பதிவு எண்). முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் ஒரு பொறுப்பும் கிடையாது, புது டிக்கெட் வாங்க வேண்டியதுதான். சிங்கப்பூர், கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது, அதில் வந்து காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் வீடு. சென்னையில்தான் இறங்க வேண்டும் என்றால் ஒரே பிஎன்ஆரில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அன்றைய சேதுவுக்கு ஒரு பெர்த்.

சாமான் விஷயத்தில் ரயில் தாராளம். உள்ளூர் விமானத்தில் பெரும்பாலும் 15 கிலோ, ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ. பேரப்பிள்ளைக்கு ஆச்சி கொடுத்தனுப்புகிற தேன்குழல் டின், சீப்புச்சீடை, ஊறுகாய் ஜாடி எல்லாம் சீட்டுக்கு அடியில் போய்விடும். ஜாடி வாயை மட்டும் துணி போட்டு இறுகக் கட்டுங்கள், எண்ணெய் கசிந்தால் அடுத்த சீட்டுக்காரர் பையும் போகும். பெரியவர்கள் இருந்தால் புக் பண்ணும்போது வயதைச் சரியாகப் போட்டு சீனியர் கோட்டாவைத் தேர்ந்தெடுங்கள், கீழ் பெர்த் கிடைக்க அதுதான் வழி. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயதிலிருந்தே அது உண்டு. மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகையை 2020-லேயே நிறுத்திவிட்டார்கள், கவுண்டரில் கேட்டு வாக்குவாதம் வேண்டாம்.

திரும்பி வருகிற பல்லவன் காரைக்குடிக்கு இரவு பத்து மணிக்கு மேல்தான் வரும். கானாடுகாத்தான், ஆத்தங்குடி போகிறவர்கள் அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்பாமல், புதுக்கோட்டை தாண்டும்போதே தெரிந்த ஆட்டோக்காரருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.