மாணவர்களை வகுப்பில் பேச வைப்பது எப்படி?

“புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்டதும் “புரிந்தது ஐயா” என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்வது நம் பள்ளிகளில் அன்றாடம் நடப்பதுதான், ஆனால் யாருக்கு உண்மையில் புரிந்தது, யார் உதட்டை மட்டும் அசைத்தார் என்பது அந்தக் குரலில் தெரியாது. ஆகவே முதலில் கேள்வியை மாற்றுங்கள். ‘ஆவியாதல் என்றால் என்ன?’ என்று கேட்டால் பாடநூலை மனப்பாடம் செய்த ஓரிருவரே கை தூக்குவார்கள். ‘கோடையில் நம் ஊர்க் குளத்து நீர் எங்கே போகிறது?’ என்று கேட்டால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.

கேட்டபின் காத்திருங்கள். மிகக் கடினமானதும் மிகுந்த பலன் தருவதும் இதுவே. அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு விநாடியே பொறுத்திருந்ததைக் கண்டார். அதை 3 விநாடிகளுக்கு மேல் நீட்டித்தபோது விடைகள் நீண்டன, கேளாமலே பேச முன்வந்தோரும் கூடினர். விடை வந்தபின்னும் உடனே ‘சரி’, ‘தவறு’ என்று சொல்லாமல் அதே அளவு பொறுத்தால், சொன்னவரே மேலும் விளக்குவார்; அல்லது மற்றொருவர் தொடர்வார். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணிப் பழகுவது இதற்கு எளிய வழி.

நாற்பது பேர் முன்னிலையில் எழுந்து பேச அஞ்சுபவர், பக்கத்தில் இருப்பவரிடம் பேச அஞ்சுவதில்லை. ஒரு நிமிடம் தனியே சிந்தித்து, இரண்டு நிமிடம் இருவராகப் பேசிய பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். ‘உன் தோழி என்ன சொன்னாள்?’ என்று தொடங்கினால் கூச்சம் இன்னும் குறையும்.

மாணவர் வீட்டுத் தமிழில் பேசும்போது இடையே திருத்தாதீர்கள். “தண்ணி வத்திப் போச்சு ஐயா” என்பது அந்தக் கேள்விக்கு நல்ல தொடக்கம். அவர் முடித்தபின், “ஆம், நீர் ஆவியாகி வற்றிவிட்டது” என்று நீங்கள் சொன்னாலே பாடநூலின் சொல் அவர் காதில் விழுந்துவிடும். யாரேனும் சிரித்தால் மட்டும் அந்த இடத்திலேயே உறுதியாகத் தடுத்துவிடுங்கள். ஒருமுறை சிரிப்புக்கு ஆளானவர் பல மாதங்கள் வாய் திறக்கமாட்டார்.

காலை வணக்கக் கூட்டத்தில் செய்தி வாசிப்பதையும் திருக்குறள் சொல்வதையும் வழக்கமான சிலருக்கே தராமல் எல்லாருக்கும் முறைவைத்துக் கொடுங்கள்.

திக்கிப் பேசுபவரின் சொற்றொடரை நீங்கள் முடித்துவைக்காமல் இறுதிவரை கேளுங்கள். வீட்டில் நன்றாகப் பேசும் குழந்தை பள்ளியில் மட்டும் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாதிருந்தால், அதைப் பிடிவாதம் என்று தண்டிக்காமல் பெற்றோருடன் கலந்து பேசி, குழந்தைகளுக்கான மனநல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.