விசுவாசத்தையும் தன்பாலீர்ப்பையும் ஒருசேரச் சுமக்கிறவர்களுக்கு

கிறிஸ்துவை நேசிக்கிற ஒருவர், தம் மனம் தம் பாலினத்தாரையே நாடுகிறது என்று உணரும்போது, இரண்டில் ஒன்றை உடனே விட்டுவிட வேண்டும் என்ற நெருக்கடிக்கு ஆளாகிறார். அந்த அவசரத்துக்கு இடங்கொடுக்க வேண்டாம். சபையைவிட்டு விலகுவதானாலும், விருப்பமில்லாத திருமணத்துக்கு இசைவதானாலும், பயத்தில் எடுத்த முடிவு பிற்பாடு இன்னொருவரையும் சேர்த்துக் காயப்படுத்தும்.

முதலில் உங்கள் ஜெபத்தைக் கவனியுங்கள். "என்னை மாற்றும் ஆண்டவரே" என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடி, மாற்றம் வராதபோது தங்கள் விசுவாசம் போதவில்லை என்று தங்களையே வதைத்துக்கொள்கிறவர்கள் பலர். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. தன்பாலீர்ப்பிலிருந்து விடுதலை கிடைக்கும் என்று 1976 முதல் போதித்துவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ ஊழியத்தின் தலைவரே, அது ஏற்படுத்திய வேதனைக்காக 2013இல் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். அந்த ஊழியமும் மூடப்பட்டது. ஆகவே விடுதலை ஜெபம் என்றோ சிகிச்சை என்றோ யார் வற்புறுத்தினாலும் மறுத்துவிடுங்கள். உள்ளதை உள்ளபடி சொல்லி ஜெபியுங்கள். ஆறுதலான முடிவு இல்லாமல் இருளிலேயே முடிகிற 88ஆம் சங்கீதமும் வேதத்தில் ஜெபமாகவே இருக்கிறது.

அடுத்தது வேத வாசிப்பு. இதற்கு மாதக்கணக்கில் நேரம் கொடுங்கள். இவ்விஷயத்தில் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படும் பகுதிகள் சிலவே: ஆதியாகமம் 19, லேவியராகமம் 18, 20, ரோமர் 1, 1 கொரிந்தியர் 6, 1 தீமோத்தேயு 1. தனி வசனங்களாகப் பிய்த்தெடுக்காமல் முழு அதிகாரங்களாக, நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டே வாசியுங்கள். ஆதியாகமம் 19இல் சோதோம் நகரத்தில் நடந்தது, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை ஊரார் பலவந்தப்படுத்த முயன்ற கொடுமை; அந்த நகரத்தின் அக்கிரமம் எது என்று எசேக்கியேல் 16:49 சொல்லும்போது, பெருமையையும், மிதமிஞ்சிய வளத்தையும், எளியவனுக்குக் கைகொடுக்காததையும் குறிப்பிடுகிறது. ரோமர் முதலாம் அதிகாரத்தின் பிற்பகுதி விக்கிரக ஆராதனையில் தொடங்கி, தன்பால் உறவைப் பேசும் 26, 27ஆம் வசனங்களைக் கடந்து, பொறாமை, புறங்கூறுதல், பெற்றோருக்குக் கீழ்ப்படியாமை என்று நீண்டு, இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தில், பிறரைக் குற்றவாளியாகத் தீர்க்கிறவன் பக்கமே திரும்புகிறது. வேதத்தை அதிகாரங்களாகப் பிரித்தது 13ஆம் நூற்றாண்டில்தான். இந்த நிருபத்தை எழுதிய பவுல் இடையில் நிறுத்தவில்லை. இதனால் அந்த இரு வசனங்களும் இல்லாமற்போவதில்லை. கட்டுக்கடங்காத இச்சையையும் விக்கிரக வழிபாட்டையும் பற்றி மட்டுமே பவுல் பேசுகிறார் என்போரும், எல்லாத் தன்பால் உறவையும் விலக்குகிறார் என்போரும் உண்டு. இரு தரப்பையும் நேர்மையாகப் படியுங்கள். கூடவே அப்போஸ்தலர் 8ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். உபாகமம் 23:1 சபைக்கு வெளியே நிறுத்திய அண்ணகர்களுக்கு, அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்களுக்கு, ஏசாயா 56 தேவனுடைய ஆலயத்தில் இடம் வாக்களித்தது; எத்தியோப்பிய மந்திரியான அண்ணகர், தாம் ஞானஸ்நானம் பெறத் தடை என்ன என்று கேட்டபோது, பிலிப்பு தடை சொல்லவில்லை. அந்தச் சம்பவம் தன்பாலீர்ப்பைப் பற்றியது அன்று. எனினும் வெளியே நிறுத்தப்பட்டவரை ஆவியானவர் தேடிப்போகும் விதத்தை அது காட்டுகிறது.

இப்படி வாசித்தவர்களில் சிலர் உண்மையுள்ள இணைவாழ்வையும், சிலர் துறவற வாழ்வையும் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் 1 கொரிந்தியர் 7:7இல் பவுல் வரமாகப் பேசும் மணமில்லா வாழ்வை எவர்மீதும் நிபந்தனையாகச் சுமத்துவது அந்த வசனத்துக்கு நியாயம் செய்வதாகாது.

யாரிடம் சொல்வது என்பதில் நிதானம் தேவை. உணவுக்கும் இருப்பிடத்துக்கும் பெற்றோரையே சார்ந்திருந்தால், தனித்து நிற்க வழி உண்டாகும்வரை காத்திருப்பது பொய் வாழ்க்கை ஆகாது. இரகசியம் காப்பவர் என்று ஏற்கெனவே கண்டறிந்த ஒரே ஒருவரிடம் தொடங்குங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், போதகருக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

சபையைப் பொறுத்தவரை, "எல்லாரும் வரலாம்" என்ற அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். 1968இல் போதகர் டிராய் பெரி லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் தன்பாலீர்ப்பாளர்களுக்காகத் தொடங்கிய மெட்ரோபாலிட்டன் சமூக சபை இன்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்த சபை 2024இல் தன்பாலீர்ப்பாளர்களின் குருப்பட்டத்துக்கு இருந்த தடையை நீக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியோ தன்பால் உறவை ஏற்பதில்லை. ஆனால் தன்பாலீர்ப்புள்ளவர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் ஏற்க வேண்டும் என்றும் அநீதியான பாகுபாடு கூடாது என்றும் கற்பிக்கிறது. ஆகவே போதகரிடம் துல்லியமாகக் கேளுங்கள்: நான் திருவிருந்தில் பங்குபெறலாமா, ஞாயிறு பள்ளியில் கற்பிக்கலாமா, என் துணையோடு ஒரே பெஞ்சில் அமரலாமா, நான் சொன்னதை மூப்பர்களிடம் சொல்வீர்களா? இவற்றை உங்களைப் பற்றி எதுவும் சொல்வதற்கு முன்பே, பொதுவான கேள்விகளாகக் கேட்டுப் பதிலைத் தெரிந்துகொள்ளலாம்.