நட்சத்திரங்களின் யூத வேர்களைத் தேடுவது எப்படி?

ஹாலிவுட் நடிகர் ஒருவரின் பெயரைக் கூகுளில் அடித்துப் பாருங்கள். மதம், பூர்வீகம், அப்பா அம்மா என்று அடுத்தடுத்த கேள்விகளை அதுவே எடுத்துக் கொடுக்கும். "இவர் யூதரா?" என்பது அதில் அடிக்கடி தலைகாட்டும். பதில் சொல்லும் தளங்களில் பாதி, ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்தவை. நீங்களே தேடும் வழி இதோ. உதாரணத்துக்கு கிர்க் டக்ளஸையும் அவர் மகன் மைக்கேல் டக்ளஸையும் எடுத்துக்கொள்வோம்.

படி 1: எதைக் கேட்கிறோம்?

மதமா, வம்சமா, வளர்ப்பா? மூன்றும் வேறு வேறு. மரபான யூதச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால் பிள்ளையும் யூதர். முறைப்படி மதம் மாறியவரும் யூதரே. அமெரிக்காவில் யூத மதத்தின் சீர்திருத்தப் பிரிவு 1983 முதல், யூதராக வளர்க்கப்பட்டால் தந்தை வழியையும் ஏற்கிறது. மைக்கேலின் அப்பா யூதர். பெர்முடாவில் பிறந்த அம்மா டயானா டில் யூதரல்ல. பழைய சட்டப்படி மைக்கேல் யூதர் இல்லை. ஆனால் யூத உலகின் பெரிய விருதுகளில் ஒன்றான ஜெனெசிஸ் பரிசு 2015-இல் அவருக்குத்தான் போனது. ஒரே ஆளுக்கு இரண்டு பதில், இரண்டும் சரி.

படி 2: பிறந்தபோது வைத்த பெயர்

கிர்க் டக்ளஸ் 1916-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆம்ஸ்டர்டாம் என்ற ஊரில் பிறந்தபோது பெயர் இசூர் டேனியலோவிச். பிறகு குடும்பம் டெம்ஸ்கி என்று மாறியது. 1941-இல் கடற்படையில் சேரும் முன் சட்டப்படி கிர்க் டக்ளஸ் ஆனார். பழைய பெயர் தெரியாமல் ஆவணம் தேடினால் ஒன்றும் அகப்படாது. அவரே எழுதிய சுயசரிதை இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட இடம் எல்லிஸ் தீவு. "எல்லிஸ் தீவு அதிகாரிதான் பெயரை மாற்றிவிட்டார்" என்று பல குடும்பங்களில் கதை சொல்வார்கள். நம்ப வேண்டாம். கப்பல் கம்பெனி ஏற்கெனவே எழுதிவந்த பட்டியலை வைத்துத்தான் அங்கே ஆளைச் சரிபார்த்தார்கள். பெயர் மாற்றமெல்லாம் பெரும்பாலும் பிறகு, அவரவர் விருப்பப்படி நடந்தது.

படி 3: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

பழைய குடும்ப ஆவணங்களைத் தேட உதவும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு தொடங்குங்கள். அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாள்களில் மதம் என்ற கட்டமே கிடையாது. ஆனால் 1910, 1920 தாள்களில், வெளிநாட்டில் பிறந்தவரின் தாய்மொழி என்ன என்று ஒரு கட்டம் உண்டு. அதில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான 'யித்திஷ்' என்று இருந்தால் அதைவிட நல்ல தடயம் அந்தத் தாளில் வேறில்லை. பிறந்த இடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். கிர்க்கின் பெற்றோர் ஊரான சாவுசி இன்று பெலாரஸில் இருக்கிறது, அன்று ரஷ்யப் பேரரசில்.

தாள்கள் 72 ஆண்டுகள் கழித்துத்தான் வெளிவரும். கடைசியாக 2022-இல் திறந்தது 1950-ஆம் ஆண்டுக்கானது. ஆகவே இளம் நட்சத்திரங்களுக்குத் தாத்தா பாட்டியிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: குடும்பப் பெயரை நம்பாதீர்கள்

பெயரைக் கேட்டதும் ஆளை இன்னார் என்று எடைபோடும் பழக்கம் நமக்கும் புதிதில்லை. இங்கே அது கவிழ்த்துவிடும். 1787-இல் ஆஸ்திரியப் பேரரசு யூதர்கள் ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்தே ஆக வேண்டும் என்று ஆணையிட்டது. அதனால் யூதருக்கும் அல்லாதவருக்கும் ஒரே பெயர் வருவது சகஜம். யூதர்கள் பலருக்கும் உள்ள ரோசன்பர்க் என்ற பெயர்தான், யூதரல்லாத நாஜிக் கொள்கையாளர் ஆல்ஃபிரட் ரோசன்பர்க்குக்கும்!

சார்லி சாப்ளினையும் நாஜிகள் யூதர் என்றே முத்திரை குத்தினார்கள். அவருடைய இயற்பெயர் 'இஸ்ரேல் தார்ன்ஸ்டைன்' என்றொரு வதந்தி. பிரிட்டிஷ் உளவுத்துறையே தேடியும் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

படி 5: எங்கே நிறுத்துவது?

1935-இல் நாஜி ஜெர்மனியின் நியூரம்பர்க் சட்டங்கள் ஒருவரின் தாத்தா பாட்டிகளை எண்ணித்தான் அவர் யூதரா என்று தீர்மானித்தன. இந்தத் தேடலுக்கு அப்படியொரு கறை உண்டு. சம்பந்தப்பட்டவருக்கே தெரியாத உண்மையும் சிக்கலாம். கத்தோலிக்கராக வளர்ந்த மேடலின் ஆல்பிரைட்டுக்கு, யூதரான தன் தாத்தா பாட்டிகளில் மூவர் நாஜிப் படுகொலையில் மாண்டது 1997-இல், அமெரிக்க வெளியுறவு அமைச்சரான பிறகுதான் தெரியவந்தது.

உயிரோடிருப்பவர் என்றால் பேட்டியிலோ புத்தகத்திலோ அவரே சொன்னதோடு நில்லுங்கள். பிள்ளைகளின் விவரம் வேண்டாம். குறிப்பு எழுதும்போதும் வெறுமனே 'யூதர்' என்று போடாமல், "தந்தை வழியில் யூதர், தாய் யூதரல்ல" என்று எழுதி, எந்த ஆவணத்தில் பார்த்தீர்கள் என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.